ரெஜினா அக்கா கட்டிய அச்சு மெசின்

எங்கள் பட்டறைக்குப் புது மெசின் வந்திருக்கிறது. கணினியில் படத்தைக் கீறிக் கொடுத்தால் அதுவே நிறம் நிறமாக ரீசேட் சட்டையில் அச்சடித்துத் தருகிறது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு குழந்தைப்பிள்ளையின் முகத்தைக் கன்னத்துக் குழி உட்பட அப்படியே சின்னச் சட்டையில் இறக்கியது. நான் மலைத்துப்போனேன். "எங்கட காலத்தில" என்று தொடங்கிப் புது மெசினைக் குறை சொல்லும் ஆள் நான் இல்லை. இது அந்த நாளிலேயே வந்திருந்தால் என் வலது தோள் மூட்டு இன்றைக்கு இப்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காது.

ஆனாலும் ஒரே நிறத்தில் பெரிய ஓடர் வந்தால் பழைய கை மெசினில்தான் இன்றும் அடிக்கிறார்கள். அதில்தான் வேலை கெதியாக முடியும், அதுதான் மலிவு. அன்றைக்கும் அதன் முன்னால் ஒருத்தி நின்று மை இழுத்துக்கொண்டிருந்தாள். நிரோசா என்று பெயர், வேலைக்கு வந்து சில மாதம்தான். "புவனாக்கா, இதை எந்தக் கொம்பனியில வாங்கினது? பேர் ஒண்டையும் காணேல்லை" என்று கேட்டாள்.

"ரெஜினா கொம்பனி" என்றேன்.

அவள் அதையும் நம்பித் தலையாட்டினாள். விட மனமில்லாமல் கதையைத் தொடங்கினேன். தேத்தண்ணி ஆறும்வரை சொல்லியும் பாதிதான் முடிந்தது. எழுதித் தாருங்கோ என்றார்கள். ஆகவே எழுதுகிறேன்.

நான் புங்குடுதீவில் இறுப்பிட்டியைச் சேர்ந்தவள். தோட்டம் செய்யும் குடும்பம். இடம்பெயர்ந்து கொழும்புக்குப் போன புதிதில், ஒரு வீட்டுக் கராஜில் கடைப் பைகளுக்குப் பெயர் அச்சடிக்கும் வேலை கிடைத்தது. பிறகு கட்டுநாயக்காவில் ஒரு ஆடைத் தொழிற்சாலை. அங்கே அச்சுப் பகுதியில் வருடக்கணக்காக நின்றேன். சிங்களமும் படித்தேன், தொழிலும் படித்தேன். தொழிலைச் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. ஒரு சட்டத்தில் மெல்லிய துணியை விறைப்பாக இழுத்து அடித்து, வெளிச்சம் பட்டால் இறுகும் ஒரு பசையை அதில் பூசவேண்டும். அதற்கு எமல்சன் என்று பெயர். எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் கறுப்பால் மறைத்து வெளிச்சம் காட்டினால் மற்ற இடமெல்லாம் இறுகிவிடும். மறைந்திருந்த இடம் தண்ணீரில் கழுவக் கரைந்துபோகும். அந்த இடைவெளியால் மையை றப்பர்க் கட்டையால் இழுத்துவிட்டால் கீழே இருக்கும் ரீசேட்டில் எழுத்து விழும். மிச்சமெல்லாம் கைப்பழக்கம்.

கலியாணம் பிந்தித்தான் நடந்தது. நாற்பதை எட்டும்போது மகள் துளசி பிறந்தாள். கணவர் சிவம் இறுப்பிட்டியில் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டு பிள்ளையைப் பார்த்தார். நான் கட்டுநாயக்காவுக்குத் திரும்பினேன். இடையில் சண்டையால் பாதை பூட்டியிருந்த காலத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் பிள்ளையின் முகத்தையே காணவில்லை. அவளுக்கு அம்மா என்றால் ரெலிபோனில் வரும் ஒரு குரல். குளிப்பாட்டுவது, சோறு தீத்துவது, இரட்டைப் பின்னல் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம் சிவம்தான். ஒரு பின்னல் காதுக்கு மேலே நிற்கும், மற்றது கழுத்தில் தொங்கும்.

பாதை திறந்து சில வருடம் கழித்து அவளுக்கு உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கொப்பளிப்பான் வந்தது. ஒரு மாத லீவு எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். நான் வாசலில் செருப்பைக் கழற்ற முதல், "எப்ப அம்மா திரும்பிப் போறீங்கள்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள். போகாமல் இருக்கவும் வழியில்லை. தோட்டக் கிணறு உவராகிப்போய்ப் புகையிலை பாதிக்கு வந்துவிட்டது. என் சம்பளம் நின்றால் வீடு நின்றுவிடும்.

வருத்தம் மாறியதும் அவளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கப் பக்கத்துத் தீவில் இருக்கும் ஊர்காவற்றுறைக்குப் போனேன். அங்கே பெண்கள் சங்கம் ஒன்றின் தையல் பட்டறை இருந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர்தான் ரெஜினா அக்கா. கடலை நம்பி வாழும் கத்தோலிக்கக் குடும்பம், தகப்பன் வள்ளம் கட்டுகிறவர். ஆள் கட்டை, குரல் நெட்டை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் குத்தியிருக்கும். நான் உள்ளே போனபோது அவர் பழைய எக்ஸ்றேப் படம் ஒன்றில் எழுத்து வெட்டி, அதை ஒரு ரீசேட்டின் மேல் வைத்துப் பஞ்சால் மை ஒற்றிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவருடைய விலா எலும்புகளுக்கு நடுவே ஊர்ப் பெயர் வெட்டியிருந்தது. மை ஓரத்தால் ஊறி எழுத்தெல்லாம் தாடி வளர்த்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன பிள்ளை சிரிக்கிறீர்?"

"இல்லை அக்கா, நான் உந்த வேலைதான் செய்யிறனான். கட்டுநாயக்காவில."

"அப்ப சிரிச்சது போதும். செய்து காட்டும்."

"அதுக்கு மெசின் வேணும் அக்கா."

"மெசின் எண்டால் என்ன, வானத்தில இருந்தே விழுறது? எப்பிடி இருக்கும் எண்டு கீறும்."

கொண்டையில் இருந்த பென்சிலை இழுத்து என்னிடம் நீட்டினார். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. நான் கீறக் கீற ஒவ்வொரு துண்டிலும் விரலை வைத்து, "இது ஏன்?" என்று கேட்டார். எங்கே வாங்கலாம் என்று ஒருதரமும் கேட்கவில்லை. நான் வருடக்கணக்காகக் கைவைத்த மெசின், ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. அவருக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கே அது சரியாக விளங்கியது.

சங்கத் தலைவி மெசின் வாங்க ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்களே செய்யிறதெண்டால் செய்யுங்கோ. ஒரு ஓடர் வடிவா முடிச்சுக் காட்டினால் அந்தப் பிள்ளையை வேலைக்கு எடுப்பம்" என்றார். நாற்பதைக் கடந்து போய்க்கொண்டிருந்த அந்தப் பிள்ளை நான்தான். வேலை கிடைத்தால் மகளோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் லீவு முடிய பஸ் ஏறவேண்டும். நான் சிவத்திடம் மட்டும் சொன்னேன். துளசியிடம் சொல்லவேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். ஆசை காட்டி ஏமாற்றக்கூடாது.

ரெஜினா அக்கா மெசின் கட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான வேலை அது. முதலில் தனக்குச் சீதனமாக வந்த கால் தையல் மெசினை இழுத்து வந்தார். அதன் தலை எப்போதோ பழுதாகிவிட்டது. தலையைக் கழற்றிவிட்டு இரும்புக் காலின் மேல் தகப்பனுடைய தடித்த பலகை ஒன்றைப் பூட்டினார். "இது ஆடாது. நான் எவ்வளவு மிதிச்சும் ஆடாத கால்" என்றார். ரீசேட்டை மாட்டும் பலகையை ஒட்டுப்பலகையில் வெட்டி, விளிம்பைக் கையால் தடவித் தடவி உரஞ்சினார். மை இழுக்கும்போது துணி நழுவாமல் இருக்கத் தொழிற்சாலையில் பசை அடிப்போம். இவர் பலகையின் மேல் மெல்லிய மண் கடதாசியை ஒட்டிவிட்டார். துணி அதில் பிடித்த பிடியில் நின்றது.

சட்டத்துக்கு ஒரு பழைய தேக்கு யன்னல். புது மரம் வாங்குவோம் என்றேன். "புது மரம் காய்ஞ்சு கோணும். இது கோண வேண்டிய அளவுக்குக் கோணி முடிஞ்ச மரம்" என்றார். யன்னலை அறுத்து, மூலைகளைப் பொருத்தி, யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்த ஸ்கிரீன் துணியை நாங்கள் இருவரும் எதிர் எதிரே நின்று இழுத்து அடித்தோம். விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "திருப்பி" என்றார். ஆணியைக் கழற்றித் திரும்ப இழுத்தோம். மூன்றாம் முறைதான் அவருக்குத் திருப்தி. வேலை சரியில்லாவிட்டால் அவர் ஏசமாட்டார், "திருப்பி" என்று ஒரு சொல்தான். சரியாக இருந்தால் அந்தச் சொல்லும் வராது. இவரிடம் பாராட்டு என்பது அவ்வளவுதான் என்று நான் கெதியாகப் பழகிக்கொண்டேன்.

பெரிய கரைச்சல் பிணைச்சலில் வந்தது. சட்டத்தை ஏற்றி இறக்கக் கதவுப் பிணைச்சல் இரண்டு போட்டிருந்தோம். அது கொஞ்சம் ஆடும். கதவு கொஞ்சம் ஆடினால் யாருக்கு என்ன? ஆனால் ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் அடிக்கும்போது அந்த ஆட்டம் போதும், படம் இரட்டையாகத் தெரியும். ரெஜினா அக்கா ஒரு பின்னேரம் முழுக்க அதன் முன்னால் குந்தியிருந்தார். எதையாவது தொலைத்தால் கண்டுபிடித்துத் தருபவர் என்று அந்தோனியாரைக் கும்பிடுவார்கள். இவர் யோசனை தொலைந்தாலும் அவரையே கூப்பிடுவார், வராவிட்டால் அவருக்கும் ஏச்சு விழும். "அந்தோனியாரே, உமக்கும் வேலைக் கள்ளம்" என்று சொல்லிவிட்டு எழும்பினார். சட்டம் வந்து விழும் இடத்தில் இரண்டு பக்கமும் சரிவான கட்டை வைத்துப் பூட்டினார். பிணைச்சல் எப்படி ஆடினாலும், கீழே இறங்கும்போது சட்டம் அந்த இரண்டு கட்டைக்கும் நடுவே போய் ஒரே இடத்தில்தான் உட்காரும். தொழிற்சாலை மெசினில் அதற்கென்று ஒரு இரும்புப் பூட்டு இருந்தது. அதைப் பற்றி நான் சொல்ல மறந்திருந்தேன். அவர் அதைக் காணாமலே கண்டுபிடித்துவிட்டார்.

தூக்கிய சட்டம் கையில் விழாமல் நிற்கவேண்டும். அதற்குக் கப்பியில் கயிறு போட்டு, மறுமுனையில் ஒரு துணிப்பையைக் கட்டி, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரு குண்டு கூடினால் சட்டம் தானாக மேலே போனது, ஒன்று குறைந்தால் கீழே வந்தது. சரி வந்தபோது சின்ன விரலால் தொட்டாலே ஏறி இறங்கியது. கடைசியாக மை இழுக்கும் கட்டை. றப்பரை வாங்கிவிட்டோம், கைபிடியை அவரே செதுக்கினார். றொட்டிக்குக் குழைத்த மாவை என் கையில் தந்து, மை இழுக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மாவில் பதிந்த என் விரல்களைப் பார்த்துப் பார்த்து மரத்தைச் செதுக்கினார். எத்தனையோ மெசினில் வேலை செய்திருக்கிறேன். என் கையின் அளவை எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு சின்ன எழுத்தைப் பழந்துணியில் அடித்துப் பார்த்தோம். வடிவாக விழுந்தது. தையல்காரப் பெண்கள் எல்லோரும் கூடி நின்று கைதட்டினார்கள். ரெஜினா அக்கா, "போய்த் தையுங்கோ" என்றார்.

ஓடரைப் பிடித்துத் தந்தவர் சிவம். எங்கள் ஊரில் தம்பிராசா அண்ணை என்று ஒருவர் இருந்தார். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வரும் சனம் குறிகாட்டுவான் துறையில் வள்ளத்துக்குக் காத்து நிற்கும். அந்த வெயிலில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு தண்ணீர்ப்பந்தல் போடுவார். பந்தலில் நிற்கும் தொண்டர்களுக்கு மஞ்சள் ரீசேட், அதில் சிவப்பில் 'தாகசாந்தி' என்ற எழுத்து, மேலே நீலத்தில் ஒரு செம்பு. வழக்கமாக நகரத்தில் அடிப்பித்தவர், சிவத்தின் முகத்துக்காக எங்களிடம் தந்தார். திருவிழா தொடங்கி இரண்டு நாளில் என் லீவு முடிகிறது.

இது ஓடர் என்பதால் எல்லாவற்றையும் தொழிற்சாலை முறைப்படி செய்யவேண்டும் என்று நான் நின்றேன். ஸ்கிரீன் துணியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, அழுக்கும் எண்ணெயும் போகக் கிணற்றில் அள்ளி அள்ளிக் கழுவினேன். காயவிட்டு எமல்சன் பூசினேன். இருட்டில் காயவேண்டும் என்பதால் ஒரு பழைய அலுமாரிக்குள் பூட்டிவைத்தோம். மத்தியானம் குடைத்துணியால் மூடி வெளியே கொண்டுபோய், எழுத்துப் படத்தை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயில் காட்டிக் கழுவினோம். எழுத்து தெளிவாகத் திறந்தது. முதல் ரீசேட்டைப் போட்டு இழுத்தேன். எழுத்தைச் சுற்றி மஞ்சளில் சிவப்புப் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. மகளுக்கு மாறிய கொப்பளிப்பான் ரீசேட்டுக்கு வந்துவிட்டது.

எமல்சன் பழசு என்றேன். புதுப் போத்தல் வந்தது. வெயில் போதாது என்றேன். நேரத்தைக் கூட்டினோம். சோளகக் காற்றில் புழுதி பறக்கிறது என்று யன்னலெல்லாம் பூட்டினோம். ஒவ்வொரு தரமும் துணியை இன்னும் கவனமாக, இன்னும் கூடத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஒவ்வொரு தரமும் பொட்டு கூடிக்கொண்டே போனது. முதல் ரீசேட்டுக்குப் பிறகு பழந்துணியில்தான் பார்த்தோம் என்றாலும் நாள் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சட்டத்தைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். தொழில் போகிறதே என்று அழவில்லை. துளசியை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று அழுதேன்.

ரெஜினா அக்கா ஆறுதல் சொல்லத் தெரியாத மனிசி. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் இருந்தார்.

"முதல் முதல் சின்ன எழுத்து அடிச்சமே, அது ஏன் வடிவா வந்தது?"

"தெரியேல்லை அக்கா."

"அதுக்குச் செய்யாத எதை இதுக்குச் செய்தனீர்?"

யோசித்தேன். "அதுக்குத் துணியைக் கழுவேல்லை. அவசரத்தில அப்பிடியே பூசினனாங்கள். இதைக் கழுவினனான்."

"என்னத்தால?"

"தண்ணியாலதான்."

அவர் காய்ந்துகொண்டிருந்த சட்டத்தை எடுத்து, துணியின் மூலையில் நாக்கை வைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு சட்டத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நானும் நக்கிப் பார்த்தேன். உப்பு.

தீவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குத் தண்ணீர் இரண்டு. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி. அது பவுசர் லொறியில் வரும், அல்லது தூரத்துக் கிணற்றில் வரிசையில் நின்று எடுக்கவேண்டும். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் வளவுக் கிணற்று உவர்த் தண்ணி. நல்ல தண்ணியில் ஒருவர் எதையாவது கழுவினார் என்றால் ஊர் அவரைப் பற்றி அதைவிட மோசமாக எதுவும் சொல்லாது. கட்டுநாயக்காவில் குழாயைத் திறந்தால் ஒரே தண்ணீர்தான். ஊருக்கு வந்ததும் என் கை தானாக உவர்க் கிணற்று வாளியைப் பிடித்துவிட்டது. அங்கே நின்ற தீவுப் பெண்கள் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. கழுவுகிறதென்றால் அந்தத் தண்ணிதானே! தண்ணீர் காய, உப்பு துணியில் நின்றது. உப்பின் மேல் பூசிய எமல்சன் பிடிக்காமல் ஊசித் துளை ஊசித் துளையாக விட்டது.

"நல்ல தண்ணியில கழுவவேணும்" என்றார் ரெஜினா அக்கா. கோடை நடு, பவுசர் வருவதே அருமை. யாரோ மெல்ல, "அக்கா, சனம் பார்த்தால்?" என்று கேட்டாள்.

"பார்த்தால் பார்க்கட்டும். என்ர வீட்டுத் தண்ணியைக் கொண்டுவாறன். வேற ஒருத்தியும் ஒரு சொட்டும் கொண்டுவரப்படாது. பிள்ளையள் இருக்கிற வீடுகள்."

மறுநாள் காலையில் இரண்டு பிளாஸ்ரிக் தண்ணீர்க் கானை சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். முதலில் உவர்த் தண்ணியில் சவர்க்காரம் போக அலசச் சொன்னார். பிறகு சட்டத்தைச் சரித்துப் பிடித்து, மூக்குள்ள கேத்திலால் நல்ல தண்ணியை மேல் ஓரத்தில் இருந்து நூலாக விட்டார். வழிந்த தண்ணியைப் பேசினில் பிடித்து, அடுத்த சட்டத்தின் முதல் அலசலுக்கு வைத்தார். அவர் கேத்தில் பிடித்த விதத்தை நான் இன்றும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். கோயிலில் அபிஷேகம் செய்பவர்கூட அவ்வளவு கவனமாக ஊற்றி நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பிராசா அண்ணை உள்ளே வந்தார். ஓடர் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வந்தவர். கானையும் பார்த்தார், கேத்திலையும் பார்த்தார். கானில் நல்ல தண்ணி என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"பிள்ளை, என்ன வேலை இது? சனம் ஒரு வாய்த் தண்ணிக்கு வெயிலில நிக்குது. நீங்கள் நல்ல தண்ணியில பலகை கழுவிறியளோ? என்ர ரீசேட்டுகளைத் தாருங்கோ. தாகசாந்தி எண்ட எழுத்தை இப்பிடி அடிச்சு எனக்குத் தேவையில்லை."

அவர் ரீசேட்டோடு போனால் என் வேலையும் அதோடு போய்விடும். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. ரெஜினா அக்கா கேத்திலைக் கீழே வைக்கவில்லை. அந்தக் கரையை ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அண்ணை, இது பந்தல் தண்ணியுமில்லை, சங்கத்துத் தண்ணியுமில்லை. என்ர வீட்டுப் பங்கு. உப்புத் தண்ணியில கழுவினால் எழுத்து நிக்குதில்லை, பொட்டுப் பொட்டா வருது. இண்டைக்கு எங்கட வீட்டில அடுப்பு மூட்டேல்லை. மனிசன் பாணும் வாழைப்பழமும் திண்டிட்டுக் கடலுக்குப் போயிட்டுது. நீங்கள் ஏசுறதெண்டால் இருந்து ஏசுங்கோ. முடிய எழுத்தைப் பார்த்திட்டு, அதுக்குப் பிறகு எடுத்துக்கொண்டு போங்கோ."

தம்பிராசா அண்ணை கதிரையில் இருந்தார், கையைக் கட்டிக்கொண்டார். நாள் முழுக்க இருந்தார். எமல்சன் பூசி அலுமாரிக்குள் வைத்ததையும், வெயிலுக்குக் கொண்டுபோனதையும், மிச்ச நல்ல தண்ணியை வழித்து ஊற்றி எழுத்தைத் திறந்ததையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவர் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்க்கும்போது வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். ரீசேட்டை மாட்டினேன். சட்டம் இறங்கிக் கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவையாக இழுத்தேன்.

ஒரு பொட்டும் இல்லை. மஞ்சளில் சிவப்பு எழுத்து, கத்தியால் வெட்டியதுபோல நின்றது.

தம்பிராசா அண்ணை எழும்பி வந்து ரீசேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார். கனநேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை, தொண்டை காயுது. ஒரு வாய் நல்ல தண்ணி தாரும்" என்றார்.

ரெஜினா அக்கா கானைச் சரித்துக் காட்டினார். "முடிஞ்சுது அண்ணை. ஒரு சொட்டும் இல்லை."

ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "தாகசாந்திக்காரனுக்கே தண்ணியில்லை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது, அல்லது கண்ணீரை மறைக்கச் சிரித்தேன், எது என்று இப்போது சொல்ல ஏலாது. அடுத்த நாள் காலையில் பட்டறை வாசலில் ஒரு பவுசர் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. தம்பிராசா அண்ணை அனுப்பினது என்று சாரதி சொன்னான். ரெஜினா அக்கா முதலில் தையல்காரப் பெண்களின் வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில்தான் சட்டத்தைக் கழுவ விட்டார்.

நீலச் செம்பு சிவப்பு எழுத்துக்கு மேலே இம்மியும் விலகாமல் வந்து உட்கார்ந்தது. பெண்கள் வரிசையாக நின்று, கடதாசி விரித்து, இஸ்திரிக்கைப் பெட்டியால் சூடு கொடுத்து மையை இறுக்கினார்கள். ரெஜினா அக்கா ஒவ்வொரு ரீசேட்டையும் எடுத்துப் பார்த்து மடித்தார். ஒருதரமும் "திருப்பி" என்று சொல்லவில்லை.

திருவிழா தொடங்கிய அன்று நான் துறைப் பக்கம் போகவில்லை. தலைவியிடமிருந்து இன்னும் பதில் வராததால் வீட்டில் இருந்து உடுப்பு அடுக்கினேன். துளசி பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். அந்த உதவியை என்னால் தாங்க முடியவில்லை. சங்கத் தலைவி அன்றைக்கு நயினாதீவுக்குப் போகக் குறிகாட்டுவானுக்கு வந்திருக்கிறார். பந்தலில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர், தந்த பொடியனின் நெஞ்சைப் பார்த்து, "இதைக் கொழும்பிலேயே அடிச்சனீங்கள்?" என்று கேட்டாராம். தம்பிராசா அண்ணை பதில் சொன்னாராம். என்ன சொன்னார் என்று எனக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே எழுதாமல் விடுகிறேன்.

அன்று பின்னேரம் எங்கள் வாசல் படலையில் ரெஜினா அக்கா நின்றார். இரண்டு பஸ் மாறி இறுப்பிட்டிக்கு வந்திருந்தார். கதிரை போட்டும் இருக்கவில்லை.

"தலைவி ஓமெண்டிட்டா. திங்கட்கிழமையில இருந்து வாரும். உந்தப் பையைப் பிரியும்."

அவ்வளவுதான். சிவம் தேத்தண்ணி போட எழும்ப முதல் அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். இப்போது அவருக்கும் வயது போய்விட்டது, கண் பார்வையும் குறைவு. ஆனாலும் கிழமைக்கு ஒருதரம் பட்டறைக்கு வந்து, அச்சடித்த ரீசேட்டை விரலால் தடவிப் பார்த்து, பிழை இருந்தால் அந்த ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறார். நான் எத்தனையோ மேலாளர்களின் கீழ் வேலை செய்திருக்கிறேன். படித்தவர்களும் நல்லவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் ஒரு பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டு, கேட்டதைத் தன் கையாலேயே கட்டி முடித்த ஆள் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமையோடுதான் நான் ஓய்வு பெற்றேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை துளசியைப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தாள். வாசலில் நின்று கேட்டாள்:

"பள்ளிக்கூடம் விட, கூட்டிக்கொண்டு போக ஆர் வருவினம்?"

"அப்பா வருவார். எனக்கு ஊர்காவற்றுறையில வேலை. வேலை முடிய வீட்டை வருவன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இண்டைக்கேயோ?"

"ஓம். இண்டைக்கே."

விரலை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.